வீடு மாறினா வியாபாரம் என்ன ஆகும்?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுல இருந்தபடியே சோப்பு, ஷாம்பு, பாத்திரம் தேய்க்கிற லிக்விட், முகத்துக்கு க்ரீம்னு விக்கிறவங்க இல்லாத தெரு சென்னையில இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க. உங்க மாடி வீட்டுலயே ஒருத்தர் இருப்பாங்க. இல்லேன்னா உங்க நாத்தனார் இருப்பாங்க. பேப்பர்ல இதை நேரடி விற்பனைன்னு எழுதுவாங்க. நானும் பல வருஷமா அதைச் செய்யறவதான். எந்தக் கம்பெனின்னு மட்டும் கேக்காதீங்க, வானொலியில என்னை விளம்பரத்துக்குக் கூப்பிடலை.

இந்த வியாபாரத்தைப் பத்திப் பேசறவங்க எல்லாரும் எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் சொல்லித் தருவாங்க. நல்லா ஓடிக்கிட்டு இருக்கிறப்ப வீடு மாற வேண்டி வந்தா என்ன பண்றதுன்னு யாரும் வாயத் திறக்கறதில்லை. வாடகை வீட்டுக்காரங்களுக்கு 11 மாச ஒப்பந்தம். வீட்டுக்காரர் பையன் கல்யாணம்னு காலி பண்ணச் சொல்லுவாரு, வாடகை ஏறும், பிள்ளைங்க காலேஜ் வேற பக்கம் கிடைக்கும். சென்னையில மந்தைவெளியில இருந்து மேடவாக்கம் போனா ஊர் விட்டு ஊர் போன மாதிரிதான். நான் போனது அப்படித்தான்.

லாரியில பீரோ ஏத்தலாம், கிரைண்டர் ஏத்தலாம், ஸ்டாக் வச்சிருக்கிற அட்டைப்பெட்டியையும் ஏத்தலாம். "அந்த அம்மாகிட்ட வாங்கு, ஏமாத்த மாட்டாங்க"ன்னு நமக்காகச் சொல்ற பக்கத்து வீட்டு மாமியை ஏத்த முடியாது. புது இடத்துல நமக்குக் குறையப் போறது அந்த ஒரு ஆள்தான். சரக்கு அதே சரக்கு, விலையும் அதே விலை. நமக்கு நல்ல வார்த்தை சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். இன்னிக்கு நான் பேசறது முழுக்க அதைப் பத்தித்தான், திரும்பத் திரும்ப அங்கேதான் வருவேன், பொறுத்துக்குங்க.

முதல்ல பழைய இடத்தைப் பார்த்துடலாம். லாரி வர்றதுக்கு முன்னாடி பாக்கி வசூல் முடிஞ்சிருக்கணும். இருநூறு ரூபா பாக்கிக்காக மேடவாக்கத்துல இருந்து திரும்பி வந்தா பாதி ஆட்டோவுக்கே போயிடும். அப்புறம் நோட்டு. வாடிக்கையாளர் பேரு, போன் நம்பர் மட்டும் எழுதி வச்சிருந்தா அது நோட்டே இல்லை. நாலு பேர் இருக்கிற வீட்டுல ஒரு பாட்டில் லிக்விட் எத்தனை நாள் வருது, அடுத்தது எப்போ தீரும், அந்த வீட்டுப் பாட்டிக்கு எந்த வாசனை ஆகாது, இதெல்லாம் அதுல இருக்கணும். தீர்ந்து போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி போன் வந்தா எந்த வீட்டம்மாவும் எரிச்சல்படறதில்லை. நீங்க வீடு மாறினாலும் அந்த லிக்விட் தீரத்தான் போகுது, இல்லையா?

ஆனா எல்லாப் பழைய வீட்டையும் பிடிச்சு வச்சுக்கணும்னு நினைக்காதீங்க. இதுல எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. நான் பறக்கும் ரயில் பாதை ஓரமா இருந்த வீடுங்களை மட்டும் வச்சுக்கிட்டேன். மேடவாக்கத்துல இருந்து வேளச்சேரி வரைக்கும் பஸ், அங்கேர்ந்து ரயில். திருவான்மியூர், இந்திரா நகர், மந்தைவெளி, திருமயிலைன்னு வரிசையா இறங்கி ஏறினா, மாசத்துல ஒரு நாள்ல கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடிச்சுடலாம். அந்தப் பாதையை விட்டுத் தள்ளி இருந்தவங்களை, அங்கேயே விக்கிற இன்னொரு தோழிகிட்ட நேர்ல கூட்டிட்டுப் போய் அறிமுகம் பண்ணி ஒப்படைச்சுட்டேன். சொந்தக்காரங்க எல்லாம் திட்டினாங்க, சும்மா தூக்கிக் கொடுக்கறியேன்னு. கொரியர்ல அனுப்பலாமேன்னும் சொன்னாங்க. லிக்விட் எவ்வளவு கனம்னு அவங்க தூக்கிப் பார்த்ததில்லை. ஒரு பாட்டில்ல வர்ற லாபத்தைக் கொரியர்க்காரருக்குக் கொடுத்துட்டு நாம எதுக்கு விக்கணும்?

சரி, புது இடம். இங்கே எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு கதை இருக்கு. கொஞ்சம் நீளம், கேளுங்க.

அமெரிக்காவுல ப்ரௌனி வைஸ்னு ஒரு அம்மா. கணவரை விட்டுப் பிரிஞ்சவங்க, கூட ஒரு பையன், வயசான தாயார். டெட்ராய்ட் நகரத்துல வீட்டு விசேஷம் மாதிரி பத்துப் பேரைக் கூட்டி வச்சு வீட்டுச் சாமான் வித்துக்கிட்டு இருந்தாங்க. அதே சமயத்துல டப்பர்வேர்னு ஒரு டப்பா கடைகளுக்கு வந்திருந்தது. இதுவும் விளம்பரம் இல்லைங்க, வரலாறு. டப்பா நல்ல டப்பாதான், ஆனா கடையில தூங்குது. காரணம் மூடி. மூடியை அமுக்கி உள்ளே இருக்கிற காத்தை வெளியேத்தினாத்தான் அது இறுகும். கடையில எடுத்துப் பார்க்கிறவங்களுக்கு அது புரியலை, சரியா மூட மாட்டேங்குதுன்னு வச்சுட்டுப் போயிட்டாங்க. யாராவது கையில வச்சு செஞ்சு காட்டணும். ப்ரௌனி வைஸ் காட்டினாங்க. டப்பாவுல தண்ணியா எதையாவது ஊத்தி மூடி, வீட்டுக்குள்ளேயே தூக்கி எறிவாங்களாம், சிந்தாது. நம்ம வீட்டுல ரசத்தை ஊத்தி எறிஞ்சா மாமியார் என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சுப் பார்த்தேன்!

இப்போ நான் சொல்ல வந்த இடம். 1950-ல அந்த அம்மா டெட்ராய்ட்டை விட்டு, நாட்டோட தெற்குக் கோடியில இருக்கிற ஃபுளோரிடாவுக்குக் குடி போறாங்க. பழைய வாடிக்கை மொத்தமும் போச்சு. அங்கே போய் என்ன பண்ணாங்க? வீடு வீடாக் கதவைத் தட்டலை. யாராவது ஒரு வீட்டம்மாவைப் பிடிச்சு, அவங்க வீட்டு முற்றத்துல, அவங்க கூப்பிட்டு, அவங்க ஜனத்தையே வர வச்சாங்க. வந்தவங்க யாருக்கும் ப்ரௌனி வைஸைத் தெரியாது. ஆனா கூப்பிட்ட வீட்டம்மாவைத் தெரியும். விற்பனை எகிறினதுல சரக்கு நேரத்துக்கு வந்து சேரலை. நேரா கம்பெனி முதலாளி எர்ல் டப்பருக்கே போன் போட்டுச் சண்டை பிடிச்சாங்க. சண்டை பிடிச்ச அம்மாவையே அவர் 1951-ல துணைத் தலைவரா வச்சுக்கிட்டு, கடைகள்ல இருந்து டப்பாவை வாபஸ் வாங்கி, வீட்டுக் கூட்டத்துல மட்டும்தான் விப்போம்னு முடிவெடுத்தார். 1954-ல பிசினஸ் வீக் பத்திரிகை அட்டையில அவங்க படம் வந்தது. அந்த அட்டையில வந்த முதல் பெண் அவங்கதான். 1958-ல அதே முதலாளி அவங்களை வெளியே அனுப்பிட்டார், கம்பெனியில ஒரு பங்குகூட அவங்க கையில இல்லை. அது தனிக் கதை. நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியும்.

கதையில நமக்கு வேண்டியது அந்த ஒரு வீட்டம்மா. மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கமெல்லாம் பெரிய பெரிய அடுக்குமாடி. கேட்டுல வாட்ச்மேன், போன்ல அனுமதி வந்தாத்தான் உள்ளே விடுவாரு. விற்பனையாளர்களுக்கு அனுமதி இல்லைன்னு போர்டே மாட்டியிருப்பாங்க. நீங்க அதே கட்டடத்துலயே குடியிருந்தாலும், குடி வந்த மாசமே குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்புல விலைப்பட்டியலைப் போட்டீங்கன்னா, செயலாளர்கிட்ட இருந்து ஒரு மெசேஜ் வரும். அதோட உங்க பேரு அடிபட்டுப் போச்சு. அதுக்குப் பதிலா கேளுங்க. நல்ல இட்லி மாவு எங்கே கிடைக்கும், கேன் தண்ணி யாரு போடறாங்க, ஜாக்கெட் தைக்க யாரு கைராசி. கேக்கறவளுக்குப் பதில் சொல்ல எல்லாருக்கும் பிடிக்கும். அந்தப் பதில்ல யாரு பேச்சுக்கு மத்தவங்க தலையாட்டறாங்கன்னு தெரிஞ்சுடும். உங்க வீட்டம்மா அவங்கதான். அவங்க வீட்டு அடுப்பு மேடையை உங்க லிக்விட்ல தேய்ச்சுக் காட்டுங்க, பாட்டிலை வச்சுட்டு வாங்க, பணம் கேக்காதீங்க. விக்கிற பேச்சை அவங்களே எடுக்கட்டும்.

கொலுவைப் பத்திச் சொல்லாம விட முடியாது. புதுசாக் குடி வந்தவங்களுக்கு நவராத்திரி மாதிரி ஒரு வாய்ப்பு வருஷத்துல வேற இல்லை. முகம் தெரியாத வீட்டுக்குக்கூட குங்குமம் வாங்கிக்கப் போகலாம், அவங்களும் வருவாங்க. ஒரே வாரத்துல கட்டடம் முழுக்க முகம் பழகிடும். ஆனா கொலுவுக்கு வந்தவங்ககிட்ட விக்காதீங்க. தாம்பூலக் கவர்ல சாம்பிள் பாக்கெட்டையும் விலைப்பட்டியலையும் போட்டுத் தர்றவங்க இருக்காங்க, எனக்கு அது சுத்தமாப் பிடிக்காது. சுண்டல் சாப்பிட வந்தவங்க தலையில வியாபாரத்தைக் கட்டறது என்ன மரியாதை? நவராத்திரிக்கு ஒரு மாசம் முன்னாடி, தாம்பூலத்துல வச்சுக் கொடுக்க இருபது, முப்பது சின்னப் பொருள் வேணும்னு தேடறவங்க இருப்பாங்க பாருங்க, அவங்ககிட்ட ஆர்டர் எடுங்க, அது வேற. ஆனா புது இடத்துல கடன் மட்டும் கொடுக்காதீங்க. பழைய தெருவுல தவணை ஓடினது மாமிக்காக; இங்கே இன்னும் மாமி கிடைக்கலை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து கையைக் காட்டறாங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்காம். நமக்குக் கீழே விக்கிறதுக்கு ஆள் சேர்க்கறதைப் பத்தி நிறைய வச்சிருந்தேன், சுருக்கிச் சொல்றேன். புது இடத்துல, உங்களை இந்த வியாபாரத்துல சேர்த்து விட்டு உங்க மேல இருக்கிறவங்க "முதல்ல உனக்குக் கீழே ஆள் சேரு"ம்பாங்க. நூறு வீடு உங்க பொருளை ரெண்டாவது தடவை வாங்கற வரைக்கும் சேர்க்காதீங்க, இது என் கணக்கு. ஆள் சேர்க்கறதுக்கே பணம் வர்ற மாதிரி திட்டம் இருந்தா கிட்டயே போகாதீங்க. இந்த மாதிரி பணச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978-லயே தடைச் சட்டம் வந்தாச்சு, 2021 டிசம்பர்ல வந்த நேரடி விற்பனை விதிகளும், ஆள் மேல ஆள் சேர்த்துப் பணம் பார்க்கிற பிரமிட் திட்டத்தைத் தடை பண்ணுது. அதே விதிகள்லதான், அடையாள அட்டை இல்லாம, முன்கூட்டியே நேரம் கேட்டு அனுமதி வாங்காம வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு இருக்கு. அட்டையில பழைய முகவரி இருந்தா உடனே மாத்தி வாங்கிடுங்க. ஜிஎஸ்டி எண் எடுத்தவங்க அதுலயும் முகவரியை மாத்தணும், மறந்துடாதீங்க. கண்ணாடியில தட்டறாங்க, போதும். வணக்கம்.