ஆன்ஸ்லிங்கரும் ஒரு பொட்டலம் மார்ஃபினும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கிடையே வந்திருக்கும் சார் ஆட்சியர் அவர்களே, மருந்து வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, செவிலியர் கல்லூரி மாணவிகளே, வணக்கம். பொன்னாடை போர்த்திய அண்ணாச்சிக்குத் தனி நன்றி. விசிறி ஓடாத மேடையில் நான் அதைக் கழற்றி வைத்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அபினிலிருந்து எடுக்கிற வலி மருந்தான மார்ஃபினைப் பற்றிப் பேசவந்தேன். ஹாரி ஆன்ஸ்லிங்கர் என்ற அமெரிக்க அதிகாரியின் சின்ன வயதுக் கதை ஒன்றோடு தொடங்குகிறேன்.

1904. பென்சில்வேனியா மாநிலம். பையனுக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்துப் பண்ணை வீட்டுக்குப் போகிறான். மாடியில் ஒரு பெண் அலறுகிறாள். சும்மா அலறல் இல்லை, குலை நடுங்குகிற அலறல். புருஷன்காரர் தடதடவென்று இறங்கி வந்து, "வண்டியை எடுத்துக்கொண்டு ஓடு, மருந்துக் கடையில் பொட்டலம் தருவார்கள், வாங்கி வா" என்கிறார். பையன் குதிரைகளை அடித்து விரட்டுகிறான். தாமதித்தால் அந்தம்மா செத்துவிடுவாள் என்று பயம். கடைக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பொட்டலத்தில் மார்ஃபின்! அது உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அலறல் நின்றது. பாவம், அவள் அதற்கு அடிமைப்பட்டவள். ஆன்ஸ்லிங்கரே பின்னாளில் எழுதிய கதை இது.

இந்தப் பையன்தான் 1930இல் அமெரிக்கப் போதைப்பொருள் துறையின் முதல் ஆணையர். ஹூவர் தொடங்கிக் கென்னடி வரை ஐந்து அதிபர்கள் வந்தார்கள். 1962 வரை இவர் நாற்காலி அசையவில்லை. அப்புறமும் 1964 வரை ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் அமெரிக்கப் பிரதிநிதி. 1937இல் வரி என்ற பெயரில் கஞ்சாவை முடக்கிய கஞ்சா வரிச் சட்டம் வந்தபோது அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் சார்பில் டாக்டர் உட்வர்ட் எதிர்த்துச் சாட்சி சொன்னார். யார் கேட்டார்கள்? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். சரி, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கஞ்சாவை இன்னொரு நாள் பேசுவோம்.

நான் கேட்பது ஒன்றுதான். அன்று சின்னப் பையனுக்குக் கேள்வியே இல்லாமல் கிடைத்த மருந்து, இன்று புற்றுநோய் முற்றிய தாய்க்காகச் சீட்டோடு அலைகிற மகனுக்குக் கிடைக்கிறதா? அதுவும் தப்பு, இதுவும் தப்பு. போதைப்பொருள்களைக் கட்டுப்படுத்த 1961இல் ஐ.நா. கொண்டுவந்த ஒற்றை உடன்படிக்கையின் முகப்புரையிலேயே, வலி தீர்க்க இந்த மருந்துகள் இன்றியமையாதவை, தட்டுப்பாடின்றிக் கிடைக்கவேண்டும் என்று இருக்கிறது. தடுக்கிற பாதியை மட்டும் நாம் மனப்பாடம் செய்துகொண்டோம்.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகளே இருக்கின்றன. ஆனால் 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பத்தாண்டுச் சிறைக்குப் பயந்து பல மருத்துவமனைகள் மார்ஃபினை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டன. மறுபடியும் மூட்டைப்பூச்சி, மறுபடியும் வீடு! 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நாலைந்து உரிமங்களுக்கு அலையவேண்டாம், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே போதும். அதைக்கூடக் கேட்டு வாங்காமல் இருந்தால் எப்படி?

மேடைக்கு இடப்பக்க மேசையில் மனு இருக்கிறது. நம் அரசு மருத்துவமனையில் மார்ஃபின் மாத்திரை எப்போதும் இருப்பில் இருக்கவேண்டும் என்ற மனு. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். சார் ஆட்சியர் கிளம்புவதற்குள் அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.