கலங்கலுக்குக் குறுக்கே ஒரு வலை

எல்லாருக்கும் வணக்கம். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுகிறேன். முப்பது வருஷம் ஏரிக்கரையின் இந்த முனையில் நின்று அந்த முனையில் இருக்கிற ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, அதற்கு மைக் வேறு எதற்கு.

நம் நடைப்பயிற்சி நண்பர்கள் ஒரு தாள் கொடுத்தார்கள். ஏரியை அழகுபடுத்த என்னென்ன செய்யலாம் என்று எழுதியிருக்கிறார்கள். கரைமேல் டைல்ஸ் பாதை, சிமென்ட் பெஞ்ச், நிழலுக்கு மரக்கன்று, பிள்ளைகளுக்கு மிதிபடகு, அப்புறம் படகு விட வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற மாதிரி கலங்கலை, அதாவது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல்கட்டை, கொஞ்சம் உயர்த்துவது. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது. அதனால்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

ஏரிக்கு ஆட்கள் வருவதற்கு நான் எதிரி இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத கரைதான் முதலில் கெட்டுப்போகும். முன்பெல்லாம் நீர்க்கட்டி, அதாவது ஏரியையும் மதகையும் கவனித்துக்கொள்கிற ஊர் ஆள், தினமும் கரையில் நடப்பார், எலி வளை எங்கே இருக்கிறது, எந்த மதகு ஒழுகுகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரு அதிகாரி வந்து நின்று பார்க்க முடியுமா? பல ஊரில் இப்போது நீர்க்கட்டியும் கிடையாது. தினமும் நடக்கிறது நீங்கள்தான். ஆக நீங்கள் வருவது நல்லது. உங்கள் வசதிக்காகக் கரையில் கை வைக்கிறோமே, அதுதான் பிரச்சினை.

ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் என்று ஒரு ஊர். அதற்கு மேலே 22 கிலோமீட்டர் தள்ளி மலையில் சவுத் ஃபோர்க் என்கிற மண் அணை, 72 அடி உயரம். கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க அரசாங்கம் கட்டியது, 1853இல் முடிந்தது. ரயில் வந்ததும் கால்வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. அணை கைமாறிக் கைமாறி, 1879இல் பிட்ஸ்பர்க் பணக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு மீன்பிடி, வேட்டைக் கிளப்புக்கு வந்து சேர்ந்தது. எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகிகூட அதில் உறுப்பினர். கோடையில் வந்து தங்குவது, படகு விடுவது, தூண்டில் போடுவது, இவ்வளவுதான் அவர்கள் ஆசை. நம்மைப் போலத்தான், என்ன, பணம் கொஞ்சம் கூட.

அணைக்கு அடியில் தண்ணீரை இறக்க ஐந்து இரும்புக் குழாய்கள் இருந்திருக்கின்றன. முந்தைய சொந்தக்காரர் அவற்றைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார், இவர்கள் திரும்பப் போடவில்லை. அதாவது மதகே இல்லாத ஏரி, தண்ணீரைக் குறைத்துக் கரையைப் பழுதுபார்க்க வழியே கிடையாது. கரைமேல் இரண்டு குதிரை வண்டிகள் எதிரும் புதிருமாகப் போக இடம் போதவில்லை என்று கரைத் தலைப்பை, அதாவது உச்சியைச் சீவி இரண்டு மூன்று அடி உயரத்தைக் குறைத்தார்கள். காசு கொடுத்து வாங்கி விட்ட மீன் தப்பிப் போகக் கூடாதே என்று கலங்கலுக்குக் குறுக்கே கம்பி வலை வைத்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான வசதிதான். 1889 மே 31, பெருமழை. வலையில் சருகும் கிளையும் வந்து அடைத்தன, தண்ணீர் தாழ்ந்த கரைமேல் ஏறி வழிந்தது, பிற்பகல் மூன்று மணி வாக்கில் கரை போய்விட்டது. கீழே 2,209 பேர் செத்தார்கள்.

வலை என்றதும் எனக்கு ஒரு ஐப்பசி ராத்திரி ஞாபகத்துக்கு வரும். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். மீன் குத்தகை எடுத்தவர் கலங்கலில் நைலான் வலை கட்டியிருந்தார், அவரைத் திட்டவும் முடியாது, போட்ட பணம் கலங்கல் வழியாகத்தானே துள்ளிப் போகும். ஏரியில் இருந்த ஆகாயத்தாமரை முழுக்க அந்த வலையில் வந்து சாய்ந்து பச்சைச் சுவர் மாதிரி நிற்கிறது. முழங்கால் அளவு போகவேண்டிய தண்ணீர் கணுக்கால் அளவுகூடப் போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் கரைத் தலைப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்தான் மிச்சம். நாலு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அரிவாளால் அறுத்தோம். தாமரை ஒரே மூச்சில் போனது, கூடவே என் செருப்பும் போனது. அந்த வலையைச் சாயங்காலமே பார்த்தவன் நான். காலையில் அறுத்துக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போயிருந்தேன்.

கல்கட்டின் மேல் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் வழிந்துவிட்டுப் போகும். மண் கரைக்கு அந்தத் தெம்பு கிடையாது, வெளிச்சரிவில் இறங்குகிற தண்ணீர் மண்ணை அறுத்துக்கொண்டே பின்னால் ஏறி வரும். அதனால் கரை எத்தனை அடி உயரம் என்று கேட்பதில் அர்த்தமில்லை, எங்கே தாழ்ந்திருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். பிள்ளையார் கோயில் பக்கம் பைக் ஏறி இறங்கி ஒரு தடம் விழுந்திருக்கிறதே, குறுக்கு வழி, நானும் அதில் வந்துபோகிறவன்தான், அந்தத் தடம்தான் நம் ஏரிக்கரையின் உயரம். மதுராந்தகத்தில் மழை ராத்திரியில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு நின்று கரையைக் காத்ததைக் கலெக்டர் பிளேஸ் துரை கண்ணால் பார்த்தார் என்று கதை உண்டு. நம் பிள்ளையாருக்கு அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம், நாலு டிராக்டர் மண் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தினால் போதும்.

கலங்கலை ஒரு அடி உயர்த்தினால் ஒரு அடி தண்ணீர் கூடும், சரி. வெள்ளம் வரும்போது தண்ணீர் ஏற வைத்திருக்கிற இடத்தில் ஒரு அடி காணாமல் போகும். கலங்கல்மேல் மணல் மூட்டை அடுக்குவதும் இதே கதைதான். படகு ஓடுகிற நாள் ஓடட்டும், தண்ணீர் இறங்கியதும் கட்டிப் போடுங்கள்.

டைல்ஸ் வேண்டாம் என்று சொன்னால் சிலருக்கு என்மேல் வருத்தம் வரும். கரையில் விரிசல் விட்டால், ஒரு இடம் உள்வாங்கினால், மண் பாதையில் கண்ணுக்குத் தெரியும். டைல்ஸ் அதை மூடிவிடும். கிராவல் பாதையே நடக்க நன்றாக இருக்கும், முட்டிக்கும் நல்லது. பெஞ்சைக் கரையின் இரண்டு முனையிலும் மேட்டு நிலம் இருக்கிறதே, அங்கே போடுங்கள். கார், லாரி கரைமேல் ஏறவே கூடாது. இலங்கையில் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அன்று விடியுமுன் உடைந்து 120 பேருக்கு மேல் இறந்தார்கள், கரைமேல் ஓடிய கனரக வாகனங்களையும் அதற்கு ஒரு காரணமாகச் சொன்னார்கள். மரக்கன்று வெளிச்சரிவில் வேண்டவே வேண்டாம். மரம் செத்தால் வேர் மக்கும், மக்கின இடத்தில் தண்ணீருக்கு ஒரு குழாய் தயார். காற்றில் சாய்ந்தால் ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். உடனே யாராவது பனையைச் சொல்வீர்கள், தெரியும். பனையின் வேர் நார் நாரானது, ஆலமரத்து வேர் மாதிரி பருக்காது. பெரியவர்கள் விவரமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டத்துத் திவரே அணை 2019 ஜூலை 2 ராத்திரி உடைந்தது. நண்டு துளைத்துவிட்டது என்று அமைச்சர் ஒருவர் சொல்ல, நாடே சிரித்தது. நண்டு துளைக்காது என்று நான் சொல்ல மாட்டேன், வளையும் ஆபத்துதான். ஆனால் கசிவதாக முன்னாலேயே சொன்னோம் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்களே, அதைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். நண்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம், கசிவைக் கண்டுபிடிக்கக் கண் இருந்தால் போதும்.

சித்திரையில் சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது வெளிச்சரிவின் அடியில் ஒரு பாய் அளவுக்குப் புல் பச்சைப் பசேல் என்று நின்றால், அங்கே குனிந்து பாருங்கள். கை வைத்தால் சில்லென்று இருக்கும். தண்ணீர் ஊறி ஓடினால் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் இடத்தைக் குறித்து வைத்து, தினமும் பார்த்து, கூடுகிறதா என்று கவனித்தால் போதும், மண் கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். தண்ணீர் கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியே வருகிறது என்று அர்த்தம், உள்ளே குழாய் நீண்டுகொண்டிருக்கிறது. உடனே போன் போடுங்கள், கீழே குடியிருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். களிமண்ணை அள்ளி அந்த வாயை மட்டும் அடைக்காதீர்கள், ஊர் ஊராகச் செய்கிற தப்பு அது. இங்கே அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வாய் தேடும். முதலில் மணல், மேலே பொடி ஜல்லி, அதற்கு மேலே பெரிய ஜல்லி என்று போட்டால் தண்ணீர் வரும், மண் வராது. சுற்றிலும் மணல் மூட்டையை வட்டமாக அடுக்கித் தண்ணீரைக் கொஞ்சம் தேங்கவிட்டால் ஊற்றின் வேகமும் குறையும். இதைத் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

குளிக்கிற பிள்ளைகள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதகு திறந்திருந்தால் அந்தப் பக்கம் நீந்தக் கூடாது, மேலே தண்ணீர் தூங்குகிற மாதிரி இருக்கும், அடியில் இழுக்கும். கலங்கலில் பாசி. இதையெல்லாம்விட மோசம், போன வருஷம் வண்டல் எடுத்த பள்ளம். இடுப்பளவுத் தண்ணீர் என்று நடந்துபோகிற பையன் அடுத்த அடியில் ஆளுயரத்துக்குள் போய்விடுவான். பள்ளம் எங்கே என்று டிராக்டர் ஓட்டினவருக்குத் தெரியும். தண்ணீர் வருவதற்குள் அவரைக் கூட்டிவந்து மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு நடக்க வருகிறவர்கள் மேலே போக வேண்டாம், ஒரு நாளைக்குக் கீழே, கரையடியிலேயே என்னோடு நடங்கள். இரண்டாவது மதகு தாண்டி எனக்கு ஒரு இடம் சந்தேகமாக இருக்கிறது. பாட்டில் நான் கொண்டுவருகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், ஈரம் இருந்தால் காலுக்கே தெரியும்.