காதில் விழும் ஆங்கிலம்

நேயர்களுக்கு வணக்கம்.

என் அக்காவுக்கு 67 வயதானபோது, முதல் முறையாக வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்பட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நான் ஆங்கில ஆசிரியராக இருந்தவன் என்பதால், கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "பயணத்துக்கு வேண்டிய வார்த்தையெல்லாம் இதில் எழுதிக் கொடுடா தம்பி" என்றார். எழுதிக் கொடுத்தேன். பாஸ்போர்ட், லக்கேஜ், வாட்டர், பிளாங்கெட் என்று கிட்டத்தட்ட 200 சொற்கள். அக்கா ஒன்று விடாமல் மனப்பாடம் செய்துவிட்டார்.

போய் இறங்கிய இடத்தில் குடியேற்ற அதிகாரி கேட்ட முதல் கேள்வி: "வாட் இஸ் த பர்ப்பஸ் ஆஃப் யுவர் விசிட்?" எதற்காக வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் அக்காவின் காதில் தெளிவாக விழுந்தது பர்ப்பஸ் என்ற ஒரே சொல். அந்தச் சொல்லை நம் ஊரில் எப்படிப் புழங்குகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். "அவன் பர்ப்பஸாகவே செய்தான்" என்போம். வேண்டுமென்றே தப்பு செய்தான் என்று பொருள். அக்கா பதறிவிட்டார். ஏதோ குற்றம் சாட்டுகிறார்கள் என்று நினைத்து, "நோ பர்ப்பஸ் சார், நோ பர்ப்பஸ்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். காரணமே இல்லாமல் வந்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் எந்த அதிகாரிதான் முத்திரை குத்துவார்? ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். வரிசையில் நின்ற ஒரு தமிழ்ப் பிள்ளை வந்து விளக்கிச் சொன்ன பிறகுதான் வெளியே விட்டார்கள்.

அந்த அரை மணி நேரம் அக்கா அழுதுகொண்டே இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டபோது எனக்கு மனசே ஆறவில்லை. அந்த நோட்டில் நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் அக்கா பேச வேண்டிய சொற்கள். தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டிக்கூடக் கேட்டுவிடலாம். எதிரில் இருப்பவர் கேட்பது புரியாவிட்டால் கையைக் காட்டி என்ன செய்வது? அதனால் பயண ஆங்கிலம் கற்க நினைப்பவர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்களுக்கு, இன்றைக்கு நான் சொல்வது இதுதான்: காதில் விழப்போகும் சொற்களை முதலில் படியுங்கள்.

குடியேற்ற அதிகாரியின் மேசையில் கேட்பது பெரும்பாலும் நான்கு கேள்விகள். எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், எங்கே தங்குவீர்கள், திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா. இதில் இரண்டாவது கேள்வியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. "ஹவ் லாங் ஆர் யூ ஸ்டேயிங்?" என்பார்கள். "ஸ்டேஷன் இங்கிருந்து ரொம்ப லாங்கு" என்று பேசிப் பழகிய நமக்கு, தூரத்தைக் கேட்கிறார்களோ என்று தோன்றும். அவர்கள் கேட்பது நாள் கணக்கு. "த்ரீ மந்த்ஸ்" என்றால் போதும்.

நமக்கு ஆங்கிலச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அப்பர் பெர்த், லோயர் பெர்த், வெயிட்டிங் லிஸ்ட் என்று பேசுகிறார். ஆனால் அந்தச் சொற்களில் சில, ஊரைத் தாண்டியதும் வேறு பொருளுக்குப் போய்விடுகின்றன. ஹோட்டல் என்றால் நமக்குச் சாப்பிடும் இடம். வெளியே அது தங்கும் இடம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு அறைக்கு மூன்று பேர் தங்குவார்கள். அங்கே மேன்ஷன் என்றால் பெரிய மாளிகை. சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்கச் சொல்லி "பார்சல்" என்று கேட்டால், தபாலில் அனுப்பும் பொட்டலம் அவர்கள் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் "டேக்அவே" என்று கேட்க வேண்டும், அமெரிக்காவில் "டு கோ". நாமும் அவர்களுக்கு ஒரு பயணச் சொல்லைக் கொடுத்திருக்கிறோம். கடற்கரை ஊர்களின் சுற்றுலா விளம்பரங்களில் கேட்டமரான் சவாரி என்று வருகிறதே, அது நம் கட்டுமரத்திலிருந்து போன சொல்.

சாப்பாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் மிகவும் வருத்தப்படும் இடம் அது. விமான டிக்கெட் போடும்போது சிறப்பு உணவு என்று ஒரு பட்டியல் வரும். அதில் "இந்து மீல்" என்று இருப்பதைப் பார்த்ததும், நமக்கானது இதுதான் என்று அழுத்திவிடுகிறார்கள். அதில் மாட்டிறைச்சி இருக்காதே தவிர, கோழியோ ஆடோ மீனோ இருக்கலாம். மரக்கறி மட்டும் வேண்டுமென்றால் "ஏஷியன் வெஜிடேரியன்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் குறியீடு ஏவிஎம்எல். பல நிறுவனங்களில் இதைக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டால் கிடைக்காது. வெளிநாட்டு உணவகங்களில் வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் முட்டை போட்டுக் கொடுத்துவிடுவார்கள், அவர்கள் கணக்கில் அது தவறில்லை. "நோ மீட், நோ ஃபிஷ், நோ எக்" என்று மூன்றையும் பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

டிக்கெட்டில் இன்னொரு சொல் "டைரக்ட்". நேராகப் போய்விடும் என்று நினைப்போம். ஒரே எண்ணில் ஓடும் விமானம் என்பதுதான் அதற்குப் பொருள். நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். எங்கும் நிற்காமல் போவதற்கு "நான்ஸ்டாப்" என்று பெயர். முழங்கால் வலியோடு பயணம் செய்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. அப்புறம் தேதி. 10ஆம் தேதி 00:15 என்று அச்சிட்டிருந்தால் 9ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 03/04 என்றால் அங்கே மார்ச் 4. பிரிட்டிஷ்காரர் பேச்சில் "ஹாஃப் சிக்ஸ்" என்றால் ஆறரை மணி.

சரி, காதை எங்கே பழக்குவது? கட்டணம் இல்லாத வகுப்பறை ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. ரயில் நிலையம். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தமிழில் வரும் அறிவிப்பே ஆங்கிலத்திலும் வருகிறது. எந்த வண்டி, எந்த நடைமேடை, எவ்வளவு தாமதம் என்று தமிழில் கேட்டுவிட்டால், ஆங்கிலத்தில் அதே செய்தியைத் தேடிப் பிடிக்கலாம். மதுரையிலோ எழும்பூரிலோ யாரையாவது வழியனுப்பப் போகும்போது அரை மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்து கேளுங்கள். டிலேய்ட், கேன்சல்ட், அரைவிங் எல்லாம் அங்கேயே பழகிவிடும். விமான நிலையத்துக்கென்று கடைசி அழைப்பான "ஃபைனல் கால்", ஏறும் வாசல் மாறியதைச் சொல்லும் "கேட் சேஞ்ச்" இரண்டையும் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால் போதும்.

எண்களில் தேர்ட்டீனும் தேர்ட்டியும் ஒன்றுபோலவே கேட்கும். வெட்கப்படாமல், "ஒன் த்ரீ? ஆர் த்ரீ ஜீரோ?" என்று திருப்பிக் கேளுங்கள். எழுத்துகளில் நமக்குச் சிரமம் இன்னும் அதிகம். தமிழில் ப ஒன்றுதான், ட ஒன்றுதான். பேக் என்று எழுதினால் அது பையா, கட்டி வைப்பதா என்று சொல்ல முடியாது. அதனால் கேட் எண்ணிலும் முன்பதிவுக் குறியீட்டிலும் நம் காது தடுமாறும். ஆங்கிலேயருக்குமே தொலைபேசியில் இந்தத் தடுமாற்றம் உண்டு. விமானிகளுக்காக 1956 முதல் நடைமுறையில் இருக்கும் எழுத்து முறை அதற்காகத்தான். ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு சொல்: ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா. இரண்டாவது எழுத்து பிராவோ, பதினாறாவது எழுத்து பாப்பா. நான்காவது எழுத்து டெல்டா, இருபதாவது எழுத்து டேங்கோ. 26 சொற்கள்தான், பத்து நாளில் படித்துவிடலாம். ஏதாவது ஒரு எழுத்தில் குழப்பம் வந்தால் "பிராவோ ஆர் பாப்பா?" என்று கேட்டால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு உடனே புரியும்.

அக்கா இந்த முறை மறுபடியும் போகிறார். பழைய நோட்டை எடுத்து வைத்துவிட்டோம். தினமும் மாலையில் நான் தொலைபேசியில் அதிகாரியாகக் கேட்பேன், அவர் பதில் சொல்வார். சில நாள் வேண்டுமென்றே வேகமாகக் கேட்பேன். "ஸ்லோலி ப்ளீஸ்" என்று நிறுத்துவார். அந்த இரண்டு சொற்களை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே எங்கேயோ பிடித்துக்கொண்டார். போன செவ்வாய்க்கிழமை டிக்கெட் வந்ததும் என்னைக் கூப்பிட்டு, முன்பதிவுக் குறியீட்டின் ஆறு எழுத்துகளையும் பாப்பா, டேங்கோ என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுதிக்கொண்டு டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆறும் சரியாக இருந்தன.

வணக்கம்.