ஆற்றங்கரைப் பூக்களும் பிரிந்து வரும் தேனீக் கூட்டமும்

அவையோருக்கு வணக்கம்.

குளிர்காலம் உள்ள நாடுகளில், ஆற்றங்கரைப் பழைய நகரமொன்றின் மரக்கிளையில் தேனீக் கூட்டம் கொத்தாகத் தொங்குகிறதென்றால், அவ்வாண்டு கரையோரம் நன்றாகப் பூத்தது என்பதே அதற்கு முதற்பொருள். வசந்தத்தின் தொடக்கத்தில், வேறு பூக்கள் அதிகம் மலராதபோது, நீரோரத்து வில்லோ மரங்கள் மகரந்தத்தையும் பூந்தேனையும் தருகின்றன. அம்மகரந்தமே தேனீயின் இளம் புழுக்களுக்குப் புரத உணவு. அது தடையின்றிக் கிடைத்தால் கூடு நிரம்பி, இடநெருக்கடி மிகுந்து, புதிய ராணிக்கான அறைகள் எழுகின்றன. பின்னர்ப் பழைய ராணி, பணித்தேனீக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுடன் வெளியேறுகிறது. தேனை வயிறு நிறைய உண்டு புறப்பட்ட அக்கூட்டத்திற்குக் காக்க வேண்டிய அடையோ குஞ்சுகளோ இல்லாததால், சீண்டாதவரை அது பெரும்பாலும் கொட்டுவதில்லை. அதன் மீது நஞ்சு தெளிப்பதை நான் கொடுமை என்றே சொல்வேன்.

அக்கூட்டம் வீடு தேடும் முறையை நமக்குக் காட்டியதே ஓர் ஆற்றங்கரை நகரம்தான். 1949ஆம் ஆண்டில், போரின் இடிபாடுகள் அகலாத ஜெர்மனியின் மியூனிக் நகரில், மார்ட்டின் லிண்டாவர் என்னும் ஆய்வாளர், தொங்கும் கூட்டத்தின் மேல், தாம் கண்ட இடத்தைப் பிற தேனீக்களுக்குச் சொல்ல நடனமாடிய தேனீக்களின் உடலில் மகரந்தத்திற்குப் பதிலாகக் கரியும் செங்கல் தூசியும் படிந்திருக்கக் கண்டார். அவை பூக்களைத் தேடிச் சென்றவையல்ல, புகைபோக்கிகளிலும் சுவர் இடுக்குகளிலும் வீடு பார்த்து வந்தவை என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளளவும் சிறிய வாயிலும் உடைய பொந்தையே அவை விரும்புகின்றன என்று பிற்காலத்தில் அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் சீலி அளந்து காட்டினார். பழைய மதில்களிலும் முதிய மரங்களிலும் இத்தகைய பொந்துகளுக்குக் குறைவில்லை, குறைந்துவருவது உணவுதான்.

கூடு ஓரிடத்தில் அமைந்துவிட்டால், சில கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளதைக் கொண்டே அது பிழைத்தாக வேண்டும். ஒரு கூடு ஆண்டொன்றுக்குச் சுமார் 20 கிலோ மகரந்தத்தைச் செலவிடுகிறது. கோடையின் நடுவே லிண்டன் மரங்கள் தாராளமாகத் தருகின்றன. இலையுதிர்காலத்திலோ, பழைய சுவர்களில் படர்ந்த ஐவிக் கொடிதான் பல இடங்களில் கடைசி விருந்து. கரையைத் தூய்மை செய்கிறோம், கோட்டைச் சுவரைச் செப்பனிடுகிறோம் என்று புறப்படுவோர், ஆண்டின் முதல் உணவையும் கடைசி உணவையும் தம்மையறியாமலே சேர்த்து அழித்துவிடுகிறார்கள். சுவரைக் காப்பதும் அவசியமே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐவியைப் பூ முடிந்த பிறகு வெட்டலாம். வில்லோக்களை ஒரே ஆண்டில் மொட்டையடிக்காமல், கரையைப் பகுதிகளாகப் பிரித்து ஆண்டுக்கொரு பகுதியாகக் கழிக்கலாம். வெட்டிய போத்துகளையே ஈரமண்ணில் ஊன்றினால் அவை எளிதில் வேர்விடும். வில்லோவில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. மகரந்தம் தருவது ஆண் மரம் மட்டுமே. ஆகவே பூக்கும் பருவத்திலேயே ஆண் மரங்களுக்கு அடையாளமிட்டு வைத்து, போத்துகளை அவற்றிலிருந்து எடுக்க வேண்டும்.