நிலாவுக்கு பட்ஜெட், பருப்புக்கு நன்கொடை

கேள்வி (தர்மபுரியிலிருந்து ஒரு நேயர்): "ஐயா, ரேஷன் அரிசி வரலேன்னா அடுப்பு எரியாத வீடு எங்க தெருவுலயே இருக்கு. இப்படிப்பட்ட நாட்டுக்கு சந்திரயான் எதுக்கு? அந்தக் காசுல எத்தனை பேருக்குச் சோறு போடலாம்? அறிவியல் ஏழைக்கு இதுவரைக்கும் என்னதான் செஞ்சிருக்கு?"

பதில்: தம்பி, நீங்க ஒரே மூச்சுல ரெண்டு கேள்வி கேட்டிருக்கீங்க. முதல் கேள்வி ராக்கெட் கிளம்புற ஒவ்வொரு தடவையும் வர்றதுதான். அதைச் சீக்கிரம் முடிச்சிடறேன். ரெண்டாவதுக்குத்தான் கொஞ்சம் உக்காந்து பேசணும்.

சந்திரயான்-3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபா. நாம 140 கோடி பேர். வகுத்துப் பாருங்க, தலைக்கு நாலரை ரூபா கூட வரல. உங்க தெருமுனைக் கடையில அதுக்கு அரை டீ கூடக் கிடைக்காது. அதுவும் ஒரே ஒரு தடவை. விண்வெளித் துறைக்கே மொத்தமா 2024-25ல ஒதுக்கினது சுமார் 13,000 கோடி. இதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இன்னொரு கணக்கையும் பாருங்க. 2019 செப்டம்பர்ல கம்பெனிகளோட வருமான வரியைக் குறைச்சாங்க இல்லையா, அதனால வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும்னு அன்னைக்கு அரசாங்கமே சொல்லுச்சு. 235 சந்திரயானுக்கு ஆகுற காசு அது. ராக்கெட் கிளம்பினா புகை வரும், சத்தம் வரும், டிவியில நேரலை வரும். வரிச்சலுகைக்குப் புகையும் கிடையாது, சத்தமும் கிடையாது. அதனாலதான் சோத்துக்குக் காசு தேடுறவங்க நேரா ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போயிடறாங்க.

ஆனா இந்த நாலரை ரூபா கணக்கைச் சொல்லி உங்க மாதிரி ஆளுங்க வாயை அடைக்கிறவங்க மேலயும் எனக்குக் கோபம்தான். 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் விக்ரம் நிலாவுல இறங்கினப்ப நானும் கை தட்டினேன். விழுப்புரத்துப் பையன் வீரமுத்துவேல், பாலிடெக்னிக்ல டிப்ளமோ படிச்சு அந்த இடத்துக்கு வந்தவர், திட்ட இயக்குநரா நிக்கிறதைப் பார்த்தா யாருக்குத்தான் சந்தோஷம் வராது? ஆனா அன்னைக்கு வாட்ஸப்ல கொடி பறக்கவிட்ட நாடு, தன்னோட மொத்த உற்பத்தியில ஆராய்ச்சிக்குச் செலவு பண்றது 0.64 சதவீதம்தான். தென்கொரியாவுல அது 4 சதவீதத்துக்கு மேல. ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை மாசக்கணக்குல வராம, கேட்டுப் போராட்டம் நடத்த வேண்டியிருக்கு. நிலாவைக் காட்டி இதையெல்லாம் மறைச்சிடறோம்.

சரி, ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். அறிவியல் ஏழைக்கு என்ன செஞ்சது?

செயற்கைக்கோள்லயே ஒரு பதில் இருக்கு. 1999 ஒடிசா புயல்ல சுமார் 10,000 பேர் செத்தாங்க. 2013ல அதே கரைக்கு பைலின் புயல் வந்துச்சு. லட்சக்கணக்குல ஜனங்களை முன்கூட்டியே கிளப்பிட்டாங்க. செத்தவங்க 50 பேருக்கும் கீழ. மேல இருந்து பார்க்க ஒரு கண்ணு, கீழ புயல் பாதுகாப்புக் கட்டடம், ஜனங்களைக் கூட்டிட்டுப் போக பஸ்ஸு, எல்லாம் சேர்ந்துதான் அது நடந்துச்சு. மேல கண்ணு மட்டும் இருந்தா என்ன ஆகும்னு 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் காட்டிடுச்சு. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைன்னு குமரி மாவட்டத்துக் கரையூர்க்காரங்க வாரக்கணக்குல ஆழ்கடல்ல தங்கித் தொழில் பண்றவங்க. புயலைப் பார்க்க செயற்கைக்கோள் இருந்துச்சு. போட்டுல இருந்தவங்களுக்குச் சேதி போகல. ஒரு லட்சம் படகுகள்ல டிரான்ஸ்பாண்டர், அதாவது செயற்கைக்கோள் வழியா சேதி அனுப்புற கருவி, பொருத்துற திட்டமெல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான்.

ஆனா உங்க கேள்விக்கு என் முழு பதில் வானத்துல இல்ல. சென்னையில, ஒரு குடிசையில இருக்கு.

தாம்பரம் போற மின்சார ரயில்ல ஏறியிருக்கீங்களா? 'தாம்பரம் சானடோரியம்'னு ஒரு ஸ்டேஷன் வரும். தினமும் அதைக் கடந்து போறவங்கள்ல எத்தனை பேருக்கு அந்தப் பேருக்கு அர்த்தம் தெரியும்னு தெரியல. 1928ல ஆரம்பிச்ச காசநோய் ஆஸ்பத்திரி அது. மருந்து கண்டுபிடிக்கிறதுக்கு முந்தி காசநோய்க்கு வைத்தியம்னா அதுதான். ஊருக்கு வெளிய நல்ல காத்து, படுக்கை, பால், முட்டை, ஓய்வு. மாசக்கணக்குல, சில பேருக்கு வருஷக்கணக்குல. இதை வசதியானவன் தாங்குவான். கூலிக்குப் போறவன் ஒரு வருஷம் கட்டில்ல படுத்தா வீடு என்ன ஆகும்? ஒரு தாய் போய் அங்க படுத்தா பிள்ளைங்களை யார் பார்க்கிறது? அத்தோட, நாட்டுல இருந்த நோயாளிகளோட எண்ணிக்கைக்கு முன்னாடி படுக்கை எண்ணிக்கை ஒரு கணக்கே இல்ல.

1956ல சென்னையில ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அப்போதைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன்காரங்க, நாலு பேரும் சேர்ந்து. இன்னைக்கும் சேத்துப்பட்டுல இருக்கு. அவங்க கேட்ட கேள்வியோட அழகைப் பாருங்க. இப்பதான் மாத்திரை வந்துடுச்சே, இனிமே சானடோரியம் எதுக்கு? ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிற மாதிரி ரெண்டாப் பிரிச்சாங்க. பாதிப் பேர் சானடோரியத்துல, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. மீதிப் பேர் அவங்கவங்க வீட்டுலயே. வீடுன்னா ஒரே ரூம்ல ஆறு பேர் படுக்கிற வீடு. அரைவயித்துச் சாப்பாடு, வேலைக்கும் போகணும். மருந்து ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், ஒரு வருஷம். வீட்டுல இருக்கிறவங்க ஒழுங்கா மாத்திரை சாப்பிடறாங்களான்னு பார்க்க, சொல்லாம கொள்ளாம போய் மாத்திரையை எண்ணினாங்க, சிறுநீரைச் சோதிச்சாங்க.

1959ல முடிவு வந்துச்சு. சானடோரியத்துல இருந்தவங்க எடை கூடுதலா ஏறியிருந்தாங்க. ஆனா நோய் குணமானதுல ரெண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வீட்டுல வச்சு வைத்தியம் பார்த்ததால குடும்பத்துல கூடுதல் பேருக்குத் தொத்திக்கவும் இல்ல. பணக்கார நாடுகள்லயும் சானடோரியங்களை மூடுறதுக்கு இந்த முடிவு துணையா நின்னுச்சு. சென்னைக் குடிசைவாசி தன் உடம்பைக் குடுத்து உலகத்துக்குச் சொல்லிக் குடுத்த பாடம் தம்பி இது. நம்ம பாடப்புத்தகத்துல இதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம். நான் படிச்ச காலத்துல பார்க்கல, என் பிள்ளைங்க புத்தகத்துலயும் பார்க்கல.

ஆனா கதை இங்க முடியல. அந்த முடிவுல இருந்து ஒரு அரைகுறைப் பாடத்தையும் படிச்சுட்டாங்க. "மாத்திரை போதும், சாப்பாடு ரெண்டாம் பட்சம்." ஆராய்ச்சி அப்படிச் சொல்லல. நோய் வந்தவனுக்கு மருந்து ஒழுங்கா போனா, சாப்பாடு சுமாரா இருந்தாலும் குணமாகும்னுதான் சொல்லுச்சு. நோய் ஏன் அவனுக்கு வந்துச்சுங்கிறது வேற கேள்வி. காசநோய்க் கிருமி நம்மள்ல கோடிக்கணக்கான பேர் உடம்புல தூங்கிக்கிட்டு இருக்கு. உடம்புல தெம்பு இருக்கிற வரைக்கும் அது எந்திரிக்காது. உடம்பு வத்திப் போச்சுன்னா எந்திரிச்சுக்கும். நம்ம பாட்டிமார் இதுக்கு வச்ச பேர் என்ன? எலும்புருக்கி. எங்க வீட்டுல பெரியப்பா ஒருத்தருக்கு இருந்துச்சு, அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். நோய்க்குப் பேர் வச்சவங்களுக்கு உடம்பு கரையறது தெரிஞ்சிருக்கு. அந்தத் தட்டுல என்ன விழுந்துச்சுன்னுதான் யாரும் கணக்கு எடுக்கல.

அந்தக் கணக்கை ஜார்க்கண்ட்ல எடுத்தாங்க. 2019ல இருந்து 2022 வரைக்கும் நடந்த ஆராய்ச்சி. நோயாளிகளுக்கு மாசம் 10 கிலோ உணவுப் பொருள் எல்லா இடத்துலயும் குடுத்தாங்க. பாதி இடங்கள்ல மட்டும் அவங்களோட ஒரே வீட்டுல இருக்கிறவங்களுக்கும் தலைக்கு மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, கூட சத்து மாத்திரை. அவ்வளவுதான். மொத்தம் 10,345 குடும்பத்து ஆளுங்களைக் கவனிச்சாங்க. அரிசியும் பருப்பும் போன வீடுகள்ல புதுசா காசநோய் வர்றது 39 சதவீதம் குறைஞ்சிடுச்சு. அடுத்தவங்களுக்குத் தொத்துற நுரையீரல் வகையில 48 சதவீதம். ஒரு தடுப்பூசி இந்த அளவுக்கு வேலை செஞ்சிருந்தா நாடே தலையில தூக்கி வச்சுக் கொண்டாடியிருக்கும். இது பருப்பாச்சே! லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்தது 2023 ஆகஸ்ட் மாசம். ஆமா, சந்திரயான் இறங்கின அதே மாசம். அந்த மாசம் உங்க போனுக்கு இதைப் பத்தி ஒரு ஃபார்வர்டாவது வந்துச்சா?

இப்ப நான் சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். உலகத்துக் காசநோயாளிகள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் நம்ம நாட்டுல இருக்கார். வருஷத்துக்குச் சுமார் 3 லட்சம் பேர் சாகுறாங்க. 2025க்குள்ள ஒழிச்சிடுவோம்னு 2018ல அறிவிச்சாங்க. அந்த வருஷமும் வந்துச்சு, நோய் போகல. நோயாளிக்குச் சத்தான சாப்பாட்டுக்குன்னு மாசம் 500 ரூபா 2018ல இருந்து குடுத்தாங்க, 2024 நவம்பர்ல 1000 ஆக்கினாங்க. நாளைக்கு 33 ரூபா. சரி, வீட்டுல இருக்கிற மத்தவங்களுக்கு? அதுக்குத்தான் 'நிக்ஷய் மித்ரா'ன்னு ஒரு ஏற்பாடு. மனசு இருக்கிற தனி ஆளோ, கம்பெனியோ நோயாளியைத் தத்து எடுத்து, சாப்பாட்டுக் கூடை குடுக்கலாம், குடும்பத்துக்கும் குடுக்கலாம். குடுக்கிறவங்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், நல்ல மனுஷங்க. ஆனா கேக்கிறேன், விக்ரம் லேண்டருக்கு ஒரு கால் வாங்க யாராவது நன்கொடை தாங்கன்னு இஸ்ரோ உண்டியல் வச்சுச்சா? வைக்கல, வைக்கவும் கூடாது. அது நாட்டோட வேலைன்னு பட்ஜெட்ல எழுதினோம். அறிவியல் மருந்துன்னு நிரூபிச்ச பருப்பை மட்டும் ஏன் புண்ணியவான் கையில விட்டுட்டோம்?

வழி இல்லாமலா? ரேஷன் கடை இருக்கு. நாட்டுல 80 கோடி பேருக்கு மேல மாசம் 5 கிலோ தானியம் இலவசமா போகுது. அதுல பருப்பு கிடையாது. நம்ம தமிழ்நாட்டுல 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு கிடைக்குது, ஆனா கார்டுக்கு ஒரு கிலோ, தலைக்கு இல்ல. காசநோய் இருக்கிற வீட்டு கார்டுல ஆறு மாசத்துக்குத் தலைக்கு ஒன்றரை கிலோன்னு ஏத்தி விட எந்த ராக்கெட்டும் வேணாம். ஒரு அரசாணை போதும்.

தமிழ்நாட்டுல ஒண்ணு நல்லா நடக்குது, அதையும் சொல்லணும், இல்லேன்னா குறை மட்டும் சொன்ன மாதிரி ஆயிடும். 2022ல ஆரம்பிச்ச 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. அதுல பெரிய மிஷினெல்லாம் கிடையாது. எடை மிஷின், உயரம் அளக்கிற பட்டை, விரல்ல மாட்டுற ஆக்சிஜன் கருவி, ஒரு தாள். நோயாளியால தானா எந்திரிச்சு நிக்க முடியுதா, கால்ல வீக்கம் இருக்கா, மூச்சு வேகமா வாங்குதா, உயரத்துக்கு ஏத்த எடை இருக்கா. நோய் கண்டுபிடிச்ச கையோட இதைப் பார்த்து, மோசமா இருக்கிறவரை உடனே ஆஸ்பத்திரியில சேர்த்துடறாங்க. ரொம்ப எடை குறைஞ்சவங்கதான் முதல் ரெண்டு மாசத்துல சாகுறாங்கன்னு தெரிஞ்சதால வந்த யோசனை இது. எனக்கு இதுவும் ராக்கெட்டும் ஒரே அறிவியல்தான்.

அதனால தம்பி, "சந்திரயான் எதுக்கு"ன்னு கேட்டு நிறுத்திடாதீங்க. "அதே மாதிரி இதுக்கும் ஏன் எழுதல"ன்னு கேளுங்க. முதல் கேள்விக்கு நாலரை ரூபா கணக்குச் சொல்லி உங்களை உக்கார வச்சிடுவாங்க. ரெண்டாவதுக்கு அவங்ககிட்ட பதில் கிடையாது.

அப்புறம் உங்க தெருவைப் பத்தி எழுதியிருந்தீங்க. அங்க யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தாலோ, சாயங்காலமானா காய்ச்சல் அடிச்சாலோ, சட்டை தொளதொளன்னு ஆகிக்கிட்டே வந்தாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. சளிப் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். போன அன்னைக்கே எடை போட்டு கார்டுல எழுதச் சொல்லுங்க. அடுத்த மாசம் அதே மிஷின்ல ஏத்தி நிறுத்துங்க. முள்ளு நகரலேன்னா சிஸ்டரம்மாகிட்ட விடாம கேளுங்க.