வகுப்பறைக்குள் நடப்பதை யார் பார்க்கிறார்கள்?

வணக்கம். பல்கலைக்கழகத்தில் நன்றாகக் கற்பிப்பவரை எவ்வாறு இனங்காண்பது, இனங்கண்ட பின் அவருக்கு என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னிடம் கேட்டிருந்தார்கள். நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் பெற்றோர், அங்கே படித்துவிட்டு வேலைக்குப் போனவர்கள், இனிமேல் போகவிருக்கும் உயர்தர மாணவர்கள் எனப் பலரும் இந்நேரம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். விரிவுரையாளர்கள் தமக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் இந்த விடயத்தை உங்கள் எல்லோருக்குமாகவே பேச விரும்புகிறேன்.

ஒருவர் பேராசிரியராகப் பதவியுயர்வு பெற்றால் பத்திரிகையில் படத்துடன் செய்தி வருகிறது. எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார், எந்த நாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார், எந்தெந்த மாநாடுகளில் பேசினார் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். அவருடைய வகுப்பில் இருந்தவர்களுக்குப் பாடம் விளங்கியதா என்ற ஒரு வரியைத்தான் காண முடியாது. செய்தி எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் அந்த வரியை எழுதுவதற்கான தகவல் பல்கலைக்கழகத்திடமே அநேகமாக இருப்பதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பதவியுயர்வுத் திட்டத்தில் கற்பித்தலுக்கும் புள்ளிகள் உண்டு என்பது உண்மைதான். புதிதாக வரும் விரிவுரையாளர் தமது தகுதிகாண் காலத்தில் கற்பித்தல் பயிற்சி நெறியொன்றை முடிக்க வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் ஆய்வுக் கட்டுரையை எண்ணலாம், அது வெளிவந்த சஞ்சிகையின் தரத்தைப் பார்க்கலாம், வேறொரு நாட்டிலுள்ள பேராசிரியருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கலாம். கற்பித்தலோ சாத்திய கதவுக்குள்ளே நடந்து முடிந்துவிடுகிறது. தெரிவுக் குழுவில் இருப்பவர்கள் நேர்மையானவர்களாகவே இருந்தாலும், எண்ணக்கூடியதன் பக்கமே கண் போகும்.

நம்முடைய ஊரோடு தொடர்புடைய ஒருவரையே எடுத்துக்கொள்வோம். விபுலாநந்த அடிகள் 1943 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். அதற்கு முன்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். இராமகிருஷ்ண மிஷன் திருகோணமலையில் நடத்திய கல்விப் பணியிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று அவரைப் பற்றிப் பேசும் எவரும் 1947 இல் அரங்கேறிய அவருடைய இசை ஆராய்ச்சி நூலான யாழ்நூலை முதலில் சொல்வார்கள், அது நியாயமும்கூட. விஞ்ஞானம் படித்து, இரசாயனம் கற்பித்து, பிறகு தமிழ் கற்பிக்க வந்த ஒருவர் வகுப்பில் எப்படிப் பாடத்தைத் தொடங்கினார், விளங்காத மாணவனிடம் எதைக் கேட்டார் என்பது அவரிடம் படித்தவர்களின் நினைவில் இருந்து, அவர்களோடு பெரும்பாலும் போய்விட்டது. அத்தனை பெரிய ஆசிரியருக்கே இந்த நிலை என்றால், முதலாம் வருட மாணவருக்குப் புள்ளிவிவரவியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு விரிவுரையாளரின் திறமை எங்கே பதிவாகப் போகிறது?

“மாணவர்களிடமே கேட்டுவிடலாமே” என்று நீங்கள் நினைக்கக்கூடும். கேட்கிறார்கள். அரையாண்டின் கடைசி வாரத்தில் மாணவர் மதிப்பீட்டுப் படிவம் ஒன்று வகுப்புக்கு வரும். விரிவுரையாளர் நேரத்துக்கு வந்தாரா, குரல் தெளிவாக இருந்ததா, பாடத்திட்டம் முடிக்கப்பட்டதா என்று வரிசையாகக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள். பரீட்சை நெருங்கிவிட்டது, வெளியே பஸ் நிற்கிறது. பிள்ளை பேனாவை எடுத்து ஐந்தாம் கட்டத்தின் வழியே மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்துக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறது. கோபமுள்ள பிள்ளையாக இருந்தால் அதே கோட்டை ஒன்றாம் கட்டத்தில் இழுக்கும். பிறகு அலுவலகத்தில் இந்தக் கோடுகளைக் கூட்டிப் பிரித்து, இரண்டு தசம தானங்களுக்குச் சராசரி எடுத்து, இவர் அவரைவிடச் சிறந்தவர் என்று முடிவு செய்கிறோம்.

இந்த இடத்தில், வாய்ப்புக் கிடைக்கும் போதெல்லாம் நான் சொல்லும் ஒரு நிகழ்வைச் சொல்லியாக வேண்டும். என்னோடு பணியாற்றியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1970 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு நடிகரை அழைத்துவந்து, அவருக்கு டொக்டர் பொக்ஸ் என்று பெயர் வைத்து, கணிதத்தை மனித நடத்தைக்குப் பிரயோகிப்பதில் வல்லவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். விளையாட்டுக் கோட்பாடு என்ற கணிதப் பிரிவை மருத்துவக் கல்விக்கு எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதே அவர் பேச வேண்டிய தலைப்பு. நடிகருக்கு அதில் ஒன்றுமே தெரியாது. பொது வாசகருக்கான ஒரு கட்டுரையைக் கொடுத்து, அதிலிருந்து ஒன்றுக்கொன்று முரணான கூற்றுகளும், பொருளில்லாத புதுச் சொற்களும், தொடர்பில்லாத நகைச்சுவைகளும் நிறைந்த ஓர் உரையைத் தயாரிக்கச் செய்தார்கள். கேள்வி நேரத்திலும் இதே முறையில் பதில் சொல்லப் பழக்கினார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முதலாம் வருட மாணவர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். முதலில் கேட்ட 11 பேரும் உளமருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணிக் கல்வியாளர்கள் போன்றோர், அதாவது தாமே கற்பிக்கும் தொழிலில் இருந்தவர்கள். பிறகு அந்த உரையின் ஒளிப்பதிவை வேறு இரு குழுவினருக்கும் காட்டினார்கள். எல்லாமாக 55 பேர்.

கேட்டவர்கள் நிரப்பிக் கொடுத்த மதிப்பீட்டுப் படிவங்களைச் சேர்த்துப் பார்த்தபோது மிகப் பெரும்பாலான பதில்கள் சாதகமாகவே இருந்தன. பேச்சு ஒழுங்காக அமைந்திருந்தது, சிந்தனையைத் தூண்டியது, உதாரணங்கள் விளங்கின என்றெல்லாம் குறித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், டொக்டர் பொக்ஸ் எழுதியவற்றைத் தாம் ஏற்கெனவே வாசித்திருப்பதாகவும் சொன்னார். இல்லாத மனிதர் எழுதாத கட்டுரையை அவர் வாசித்திருக்கிறார்! 1973 இல் இந்த ஆய்வு வெளியானது. சிறிய ஆய்வுதான், அதன் குறைகளைப் பின்னர் வந்தவர்கள் எடுத்துக்காட்டியும் இருக்கிறார்கள். ஆனாலும் மேடையில் நன்றாகப் பேசுவதற்கும் கேட்டவர் மனத்தில் பாடம் நிற்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் வேறு எதையும் நான் அறியேன். நாம் மேடைப் பேச்சை விரும்பும் சமூகம். கோயில் திருவிழாவில் கேட்ட பேச்சைப் பற்றி “என்ன அருமையான பேச்சு” என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருவோம், வந்த பிறகு என்ன சொன்னார் என்று யாராவது கேட்டால் விழிப்போம். ஆகவே இந்த எச்சரிக்கை நமக்குச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

இன்னும் இரண்டு ஆய்வுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில் எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் படிப்பார் என்பதை எழுந்தமானமாகவே தீர்மானிப்பார்கள், பரீட்சையும் எல்லோருக்கும் ஒன்று. அங்கே கிடைத்த தரவுகளை வைத்து 2010 இல் வெளியான ஆய்வு, அந்தந்தப் பாடத்தில் மாணவருக்கு நல்ல புள்ளியைப் பெற்றுக்கொடுத்து நல்ல மதிப்பீட்டையும் பெற்றுக்கொண்ட ஆசிரியர்களின் மாணவர்கள், அதைத் தொடர்ந்து வரும் மேற்பாடங்களில் பின்தங்கினார்கள் என்று கண்டது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் மாணவரிடையே செய்யப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வோ, தாமே முயன்று கணக்குச் செய்த மாணவர்கள், விரிவுரையைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர்களைவிட அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள் என்றது. மூளை வேலை செய்யும்போது களைப்பு வருகிறது, அந்தக் களைப்பைப் பிள்ளை விளங்காமை என்று எடுத்துக்கொள்கிறது.

இதனால் மாணவரிடம் கேட்கவே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். விரிவுரையாளர் வகுப்புக்கு வந்தாரா, கேள்வி கேட்டவரை அவமதித்தாரா, விடைத்தாளைத் திருத்தித் தந்தாரா என்பவற்றை மாணவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. பாடத்தின் ஆழம் சரியா, விடப்பட்டது எது என்பதை அந்தப் பாடத்தை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் கேட்பதுதான் பொருத்தமில்லை.

நம்மவர்கள் இதையெல்லாம் எப்போதோ யோசித்திருக்கிறார்கள். 13 ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்திலேயே ஆசிரியருக்குரிய இலக்கணம் இருக்கிறது. நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை சொன்னதைப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி, அதாவது ஆசிரியர் ஆகாதவர்களின் பட்டியல். கழற்சிக்காய் போட்ட குடத்தைக் கவிழ்த்தால் போட்ட ஒழுங்கில் காய்கள் வெளியே வராது, அதுபோல் படித்ததையெல்லாம் ஒழுங்கின்றிக் கொட்டுபவர் ஒருவர். மட்டை நிறைந்த பனையில் ஏறிப் பழம் பறிக்க முடியாது, தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். நெருங்கிக் கேள்வி கேட்க விடாதவர் அவர். பருத்தி அடைத்த குண்டிகை, தானும் சிரமப்பட்டு வாங்கி, பிறருக்கும் சிரமப்படுத்தியே கொடுப்பது. கடைசியாக முடத்தெங்கு, அதாவது வளைந்த தென்னை. தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் வளவுக்குள் வேர் இருக்கும், காய் அடுத்த வளவில் விழும். நம்முடைய பல்கலைக்கழக மதிப்பீட்டுப் படிவங்களில் முதல் மூன்றுக்கும் ஏதோ ஒரு கேள்வி இருக்கிறது, முடத்தெங்குக்கு மட்டும் கேள்வி இல்லை. மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் பெற்றுக்கொண்டு, தம் நேரத்தையும் சிரத்தையையும் வெளியிலுள்ள கட்டண வகுப்புகளுக்கும் ஆலோசனை வேலைகளுக்கும் கொடுத்துவிட்டு, சொந்த மாணவருக்குப் பழைய குறிப்பையே வாசித்துக் காட்டுபவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சிலர் இருக்கவே செய்கிறார்கள்.

அதே நன்னூல், பாடம் சொல்லும் முறையைப் பேசும்போது, “கொள்வோன் கொள்வகை அறிந்து” கொடுக்க வேண்டும் என்கிறது. நமது வளாகத்துக்கு இது மிகவும் பொருந்தும். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். உயர்தரம் வரை தமிழிலோ சிங்களத்திலோ படித்துவிட்டு, விஞ்ஞானப் பாடங்களை ஆங்கிலத்தில் கேட்கத் தொடங்குகிறார்கள். இவர்கள் எப்படிக் கொள்கிறார்கள் என்பதை அறியாமல் கற்பித்தல் நடக்காது.

ஒரு முறை சக விரிவுரையாளர் ஒருவருடைய கணினி நிரலாக்க வகுப்பில், அவருடைய சம்மதத்துடன், பின் வரிசையில் இருந்து பார்த்தேன். பலகையில் நான்கே வரிகளில் ஒரு நிரலை எழுதினார். இதை இயக்கினால் திரையில் என்ன வரும் என்று ஆளுக்கொரு துண்டுத் தாளில் எழுதச் சொன்னார், பெயர் வேண்டாம் என்றார். தாள்களைச் சேகரித்து நடந்துகொண்டே புரட்டிப் பார்த்தார். ஒரே கட்டளை திரும்பத் திரும்ப நடக்கும் சுழற்சியைப் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒன்று குறைவாக எண்ணியிருந்தார்கள். விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடும்படி விட்டுவிட்டார். மண்டபம் தமிழிலும் சிங்களத்திலும் அரைகுறை ஆங்கிலத்திலும் இரைந்தது. சற்று நேரம் கழித்துத்தான் நிரலை இயக்கிக் காட்டினார். எண்ணிக்கை எங்கே தவறுகிறது என்பதை அதற்குப் பிறகு அந்த வகுப்புக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இதே விரிவுரையாளருக்கு, பாடத்திட்டம் முடிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு மாணவர் போட்ட புள்ளி குறைவு. படிவத்தை மட்டும் வாசித்தவருக்கு அவர் சுமாரான ஆசிரியர்.

ஆகவே சொல்கிறேன், கற்பித்தலை மதிப்பிட விரும்புபவர் போய் வகுப்பில் இருக்க வேண்டும். சக விரிவுரையாளர் மதிப்பீடு என்பது நம் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே இருக்கிற ஏற்பாடுதான். நண்பருக்கு நண்பர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் சடங்காக அது சுருங்கிவிடாதபடி, வேறு துறையைச் சேர்ந்த ஒருவரும் கூடவே இருந்து, ஒரே அரையாண்டில் இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். அதோடு, அடுத்த வருடப் பாடத்தைக் கற்பிப்பவரிடம் இந்தப் பிள்ளைகள் எந்த அத்திவாரத்தோடு வந்தார்கள் என்று கேட்க வேண்டும். பட்டம் பெற்றுச் சில வருடங்கள் வேலை செய்தவர்களிடமும் கேட்க வேண்டும். அந்த வயதில்தான், அன்று திட்டித் தீர்த்த ஆசிரியர் எதைக் கொடுத்தார் என்பது தெரியவரும்.

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். வெகுமதியைப் பற்றிப் பேசக் கொண்டுவந்த பக்கங்கள் அப்படியே இருக்கின்றன, எனவே வேகமாகச் சொல்கிறேன். பட்டமளிப்பு விழாவில் பொன்னாடையும் கேடயமும் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நன்றாகக் கற்பிப்பவருக்கு நடைமுறையில் கிடைப்பது இன்னுமொரு பாடம், மிகப் பெரிய முதலாம் வருட வகுப்பு, இரண்டு குழுக்களில் அங்கத்துவம் என்றாகிவிடுகிறது. அவருக்கு நேரத்தைக் கொடுங்கள். ஓர் அரையாண்டுக்கு ஒரு பாடத்தைக் குறைத்து, தம் பாடத்தைத் திருத்தி எழுதவும் இளையவர்களின் வகுப்புகளைப் பார்க்கவும் விடுங்கள். கனடாவில் 1986 முதல் வழங்கப்பட்டுவரும் தேசிய கற்பித்தல் விருதில், விருது பெற்றவர்களைச் சில நாட்கள் ஒன்றாகத் தங்கவைத்துப் பேச விடுகிறார்கள், அதையும் நாம் யோசிக்கலாம். பதவியுயர்வில் கற்பித்தலுக்குரிய புள்ளிகளை வகுப்பைப் பார்த்தவர்களின் எழுத்து அறிக்கையின் பேரில் மட்டும் வழங்க வேண்டும்.

தற்காலிக விரிவுரையாளர்களையும் ஆய்வுகூடச் செய்முறை உதவியாளர்களையும் பற்றித் தனியாகச் சொல்ல இருந்தேன். முதலாம் வருடப் பிள்ளையின் பக்கத்தில் நின்று பிழையைத் திருத்துபவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் போய்விடுவதால், விருதுப் பெயர்ப் பட்டியலில் அவர்களைச் சேர்க்க விதிகள் இடம் கொடுப்பதில்லை. அந்த விதியை மாற்றுவதற்குப் பணம் வேண்டியதில்லை, பல்கலைக்கழகத்தின் கல்வி விடயங்களைத் தீர்மானிக்கும் மூதவையில் ஒரு தீர்மானம் போதும். நன்றி, வணக்கம்.