கிராணியின் தராசும் கயவாகு வேந்தனும்

(மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் கோயில் மண்டபத்தில் பேசியது. தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) வர நேரமானதால் கொஞ்சம் நீண்டுவிட்டது. எழுதும்போது ஆங்காங்கே குறைத்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். ஆராய்ச்சி பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். ஒன்றை அதைக்கொண்டே மெய்ப்பிக்கப் பார்க்கும் சுற்றைப் பற்றித்தான் இன்று பேச்சு, நான் தராசிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் தோட்டத்தில், எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள், ரப்பர்ப் பால் வெட்டி முடித்து வாளியோடு ஸ்டோருக்கு வந்தால் கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், நிறுத்து எழுதுவார். எடை குறைகிறதே என்று அம்மா ஒருநாள் கேட்டதற்கு, அவர் பழைய கணக்குப் புத்தகத்தைத் திறந்து, "பாரு, தினமும் இதே எடைதான் வருது, தராசு சரியாத்தான் இருக்கு" என்றாராம். புத்தகத்தில் இருந்த எடையெல்லாம் அதே தராசில் நிறுத்தவை! அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. மறுநாள் சீனர் மளிகைக் கடையிலிருந்து ஓர் இரும்பு எடைக்கல்லை இரவல் வாங்கி வந்து தராசில் வைத்தார். அதற்கப்புறம் நடந்த சண்டையை இந்த மேடையில் சொல்ல முடியாது.

கடைக்காரர் கல் மட்டும் சரியா என்று கேட்பீர்கள். கேட்கலாம். ஆனால் கடைக்காரருக்கும் கிராணிக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை, அதுதான் விஷயம்.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் ஆட்கள் சொல்வதும் இதைத்தான். தர்க்கம் பேசும் நியாய நூல்காரர்கள் இதற்குப் பெயரே வைத்தார்கள்: இரண்டு ஒன்றையொன்று பற்றி நின்றால் அன்னியோன்னியாசிரயம், மூன்று நான்கு கைமாறித் தொடங்கிய இடத்துக்கே வந்தால் சக்கரகம். இரண்டாவதுதான் ஆபத்து, சுற்று பெரிதாக இருந்தால் சுற்று என்றே தெரியாது.

நம் வீட்டு உதாரணமே பாருங்கள். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்" வந்திருந்தான் என்று வருகிறது. இலங்கை வரலாற்றில் கஜபாகு என்ற பெயரில் இரண்டு ராஜாக்கள், ஒருவர் 2ஆம் நூற்றாண்டு, இன்னொருவர் 12ஆம் நூற்றாண்டு. 12 ரொம்பப் பிந்தியது, ஆகவே முதலாமவர்தான் என்று முடிவு கட்டி, செங்குட்டுவனை 2ஆம் நூற்றாண்டில் உட்காரவைத்து, அவனைப் பாடிய புலவர், அந்தப் புலவர் காலத்து மற்ற அரசர் என்று வரிசையாக ஆண்டு போட்டார்கள். சரி, 12 பிந்தியது என்று எப்படித் தெரிந்தது? செங்குட்டுவன் பழையவன் என்று முன்பே நம்பியதால்! முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை, அநேகமாகச் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதையே பத்துப் புத்தகம் திருப்பிச் சொன்னால் பத்துச் சாட்சி ஆகாது. பாட்டையும் இலங்கை வரலாற்றையும் சாராமல், கரூர் பக்கத்துப் புகளூர்க் கல்வெட்டில் சேரர் மூன்று தலைமுறைப் பெயர் கிடைத்ததே, அதுதான் வெளியிலிருந்து வந்த எடைக்கல்.

விஞ்ஞானிகளுக்கும் இதே தலைவலி உண்டு. 1949இல் லிபி என்பவர் கரிமக் காலக்கணிப்பைச் சரிபார்க்க (பழைய பொருளில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் முறை அது), வயது ஏற்கெனவே தெரிந்த எகிப்துக் கல்லறை மரத்தை எடுத்தார். பொருந்தியது, 1960இல் நோபல் பரிசும் வந்தது. போகப் போகப் பழைய பொருள்களில் கணக்கு இடித்தது. எகிப்து ஆண்டுக்கணக்கு தப்பா, கரிமம் தப்பா? இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தால் முடிவே வராது. அமெரிக்க மலைகளில் ஆயிரக்கணக்கான வருஷம் நிற்கும் பைன் மரங்களின் வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த பிறகுதான், காற்றில் இருக்கும் அந்தக் கரிமத்தின் அளவே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது என்று தெரிந்தது. மரத்துக்கு எகிப்தும் தெரியாது, நோபலும் தெரியாது.

1969இல் ஜோசப் வெபர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பலையைப் பிடித்துவிட்டேன் என்றார், மற்றவர் கருவிகளில் ஒன்றும் விழவில்லை. நல்ல கருவி எது? அலையைப் பிடிப்பது. அலை இருக்கிறதா? நல்ல கருவி சொல்லவேண்டும். ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலாளர் இந்தச் சிக்கலைப் பற்றியே ஆயுசெல்லாம் எழுதினார். 2015இல் சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி இருந்த இரண்டு கருவிகளில், 7 மில்லிவினாடி இடைவெளியில் ஒரே அலை பதிவானது. ஒன்றுக்கு ஒன்று எடைக்கல்.

கடைசியாக நம் ஊர். பட்டினப்பாலையில் "காழகத்து ஆக்கமும்", அதாவது காழகத்திலிருந்து வந்த பொருள்களும், என்று வருகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகத்தைக் கடாரம் என்கிறார், கடாரம் நம் கெடா. எனக்கும் ஆசைதான், கெடாவின் குனோங் ஜெராய் மலை அடிவாரத்தில் பிறந்தவனுக்கு ஆசை இருக்காதா? ஆனால் உரை எழுந்தது பாட்டுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து, ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் மேல் படையெடுத்து அந்தப் பெயர் தமிழ்நாடெங்கும் பரவிய பிறகு. நாமோ பாட்டைக் காட்டி ஊர் பழையது என்கிறோம், ஊர் பழையது என்பதைக் காட்டிப் பாட்டுக்குப் பொருள் சொல்கிறோம். கெடாவிலேயே சுங்கை பத்து என்ற இடத்தில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருக்கின்றன, அங்கே எடுத்த கரியை வைத்துக் காலம் கணித்திருக்கிறார்கள், அதன்மேல் வாதமும் நடக்கிறது. கரி வயதைச் சொல்லும், ஊர்ப் பெயரைச் சொல்லாது.

"அப்போ காழகம் நம்ம ஊர் இல்லையா தம்பி?" என்று முன்வரிசையில் ஒரு பாட்டி கேட்டார்.

இல்லை என்று சொல்லவில்லை, பாட்டி. அந்தப் பெயர் கீறிய ஒரு பானை ஓடு இங்கே கிடைக்கட்டும், முதல் மேளம் நான்தான் அடிப்பேன். அடித்துவிட்டு, அந்த எழுத்தின் வயதை எந்தக் கல்வெட்டோடு ஒப்பிட்டுச் சொன்னீர்கள் என்றும் கேட்பேன்.